ஒற்றை வாசல் பள்ளிக்கூடம்

பாட்செலர்
1976 மார்ச் 14

அன்பு மேவிஸ்,

மழை இன்னும் விட்டபாடில்லை. என் பூட்ஸுக்குள் காளான் முளைக்கிறது. சாப்பாட்டுக்கு மீன், மறுநாளும் மீன். கங்காரு வாலை நினைத்தாலே எச்சில் ஊறுகிறது. அது கிடக்கட்டும், பெரிய சேதி ஒன்று இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படி.

இந்த வாத்தியார் பயிற்சி வகுப்பில் எங்களை அவரவர் ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் வடிவமைக்கச் சொன்னார்கள். வெள்ளைக்காரர் வந்து கட்டிவிட்டுப் போகிற பள்ளிக்கூடம் இல்லை; ஊரே நினைத்துச் செய்கிற பள்ளிக்கூடம். நம் பேச்சிலும் ஆங்கிலத்திலும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம். நான் நம் பர்ராவாவுக்கு ஒன்று வரைந்தேன். வாத்தியார் அதைச் சுவரில் ஒட்டிவிட்டார்! மற்றவர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். சந்தோஷத்தில் எனக்கு மேலுதடு கீழுதட்டில் ஒட்டவே இல்லை.

என் கதை உனக்குத் தெரியும். டீச்சர் பேசியதில் ஒரு வார்த்தைகூட விளங்காமல், கூரையில் பல்லியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் என் முதல் வருஷப் படிப்பு. அப்புறம் ஓட்டம். இப்போது உன் அண்ணன் நெவிலின் மகள் ஜூனியும் அதே பெஞ்சில் அதே பல்லியைத்தான் பார்க்கிறாள். அவளுக்காவது இது மாற வேண்டும்.

என் திட்டம் இதுதான். பெரிய அறை ஒன்று. முன்னால் கரும்பலகை. அதை ஒட்டிப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசை. ஒன்றில் நான் நின்று ஆங்கிலத்தில் சொல்வேன். அதையே அடுத்த மேசையில் அவர் நம் வார்ல்பிரியில் சொல்வார். அவர் என்றால் யாரென்று உனக்குத் தெரியும். நம் பேச்சை எழுதத் தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவர்தானே. அறைக்கு ஒரே வாசல், என்னைப் போல யாரும் நழுவி ஓடாதபடி.

படம் டார்வின் கல்வி அலுவலகத்துக்குப் போய்விட்டது. அறை கட்ட ஆள் வரப்போகிறது. ஆகஸ்டில் அங்கிருந்து மிஸ்டர் கென்னவே என்பவர் வந்து ஒரு வாரம் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் பள்ளிக்கூடம் நமக்கு. பிடிக்காவிட்டால் பழையபடி பல்லிதான்.

அடுத்த மேசைக்காரரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கி வை. நீ கேட்டால் தட்டமாட்டார்.

உன்
கிளாரி


பர்ராவா
1976 ஏப்ரல் 2

என் புத்திசாலிப் புருஷனுக்கு,

உன் கடிதத்தை நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் சத்தமாகப் படித்தேன். நெவில் இருந்தான், அவன் மனைவி இருந்தாள், ஜூனி இருந்தாள், சீட்டாட வந்த பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். காற்றுத் தட்டிக்கு அந்தப் பக்கம் அம்மா படுத்திருந்தாள். "பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசை" என்று வந்ததும் என் வாய் தானாக நின்றுவிட்டது. சீட்டாட வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்புறம் நெவில் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கு வழியாக வந்தது.

உனக்கு மறந்துபோயிருந்தால் நான் எழுதுகிறேன், நன்றாகப் படித்துக்கொள். அவள் என் அம்மா. நீ அவளுக்கு மருமகன். மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது. பேசக் கூடாது. பெயரைச் சொல்லக் கூடாது. ஒரு நிழலில் இரண்டு பேரும் உட்காரக் கூடாது. அம்மா கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்து, வெளியே வர முடியாமல் நீ உள்ளேயே நின்று நின்று ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிந்த நாள் நினைவிருக்கிறதா? லாரியில் போகும்போது உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கம்பளத்தைக் கட்டித் தொங்கவிட்டது யார்? நான்தானே? அப்படிப்பட்டவன் அவளைத் தன் தோளோடு தோளாக நிற்கவைத்துப் படம் வரைந்து, அதை ஊரெல்லாம் பார்க்கச் சுவரில் ஒட்டியிருக்கிறான். அதிலும் ஒரே வாசலாம்!

அம்மா எழுந்து உட்கார்ந்து சொன்னாள்: "ச்சீ! வெக்கங்கெட்டவன். வடக்கே போய் நாலு மாசம் மீன் தின்னதுல மூளை நாறிப்போச்சு. நான் அந்தப் பக்கம் தலைவெச்சும் படுக்கமாட்டேன்னு சொல்லு."

சொல்லிவிட்டேன்.

ஊரில் இப்போது உன் பெயர் கிளாரி இல்லை. "ஒற்றை வாசல்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆண்கள் கடைக்குள் நுழையும்போதெல்லாம், "இது ஒத்தை வாசலா, பாத்துப் போ" என்று ஒருவரையொருவர் தள்ளிக்கொள்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, உண்மைதான். ஆனால் பயமாகவும் இருக்கிறது, கிளாரி. அம்மா இல்லாமல் இந்தப் பள்ளிக்கூடம் நடக்காது. அவளைப் போலப் பிள்ளைகளை அதட்டி உட்காரவைக்க யாராலும் முடியாது. சான்றிதழ் வாங்கப்போகிறவன் நீ ஒருவன்தான், அதனால் நீ இல்லாமலும் நடக்காது. இப்போது உங்கள் இரண்டு பேரையும் நான் எங்கே வைப்பது?

இன்னொன்று. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு பிள்ளையும் வரும். ஆகஸ்ட் முடிவில் பிறக்கும் என்கிறாள் கிளினிக் சிஸ்டர். இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். உன் வாசல் என் மூளையையும் அடைத்துவிட்டது.

மேவிஸ்


பாட்செலர்
1976 ஏப்ரல் 20

என் மேவிஸ்,

பிள்ளை! நான் இங்கே கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரன் பாம்பு என்று நினைத்துக் கட்டிலில் ஏறிவிட்டான்.

வாசல் விஷயத்தைப் பற்றி என்ன எழுதுவது? என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? நடந்தது இதுதான். இங்கே இருப்பவர்கள் எல்லோரும் கடலோரத்துக்காரர்கள். அவர்களுக்குள் யார் யாருக்கு ஒதுங்க வேண்டுமோ ஒதுங்குகிறார்கள். நான் ஒதுங்க வேண்டியவர் ஒருவர்கூட இல்லை. ஊரில் ஒரு மூலை திரும்புவதற்கு முன்னால் நான் இருமிவிட்டுத்தான் திரும்புவேன், உனக்கே தெரியும். இங்கே வந்து இருமலை மறந்தேன். குனிந்தே நடந்த என் கழுத்து நிமிர்ந்துவிட்டது. படம் வரைந்தபோது பள்ளிக்கூடத்தை நினைத்தேன், பிள்ளைகளை நினைத்தேன். உன் அம்மாவின் மருமகன் என்பதை மட்டும் நினைக்கவில்லை.

வாத்தியாரிடம் ஓடினேன். "அதனால் என்ன, நடுவில் மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன்" என்றார். நல்ல மனிதர். ஒன்றும் புரியவில்லை. அறையை மாற்றவும் முடியாதாம், டார்வினில் முத்திரை குத்தியாகிவிட்டது.

நான் யோசித்தேன். அறை நடுவில் தகரச் சுவர் வைத்தால்? கேட்டுப் பார். நெவிலிடம் சொல், எனக்காக ஒரு கங்காரு அடித்து, வாலை உன் அம்மாவுக்குக் கொடுக்கட்டும். என் கையால் கொடுத்ததாக இருக்கட்டும். மருமகன் இறைச்சி அனுப்புவதற்குத் தடை இல்லையே, அதுதானே நம் வழக்கம்.

அவர் வராவிட்டால் நான் சான்றிதழை வைத்துக்கொண்டு நெருப்புதான் மூட்ட வேண்டும். அதை மட்டும் சொல்லாதே.

ஒற்றை வாசல்


பர்ராவா
1976 மே 16

ஒற்றை வாசலுக்கு,

வால் போய்ச் சேர்ந்தது. அம்மா கடைசி எலும்பு வரை சூப்பினாள். "எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன். "கறி நல்லா வெந்திருக்கு. என் கோவம்தான் இன்னும் வேகல" என்றாள். நெவிலை மறுபடி அனுப்பினேன். மூன்றாவது வாலில் பேச்சுக்கு வந்தாள்.

தகரச் சுவர் வேண்டாமாம். "தகரத்துக்கு அந்தப் பக்கம் அவன் தும்முனா எனக்குக் கேக்காதா? நான் என்ன செவிடா?" என்றாள். அப்புறம் சீட்டுக்கட்டை ஓரமாக வைத்துவிட்டு மணலில் விரலால் கோடு போட்டாள். இது உன் அறை. வாசல் கிழக்கே. அறையின் பின்சுவரில் வாசலும் இல்லை, ஜன்னலும் இல்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு தழைப் பந்தல். அது அவளுக்கு. நீ கிழக்கே பார்த்து நிற்க வேண்டும், அவள் மேற்கே பார்த்து உட்காருவாள். இரண்டு பேருக்கும் முதுகுக்கு முதுகு. பிள்ளைகள் அங்கே கொஞ்ச நேரம், இங்கே கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வருவார்கள்.

"சரி, அவன் என்ன நடத்துனான்னு உனக்கும், நீ என்ன நடத்துனேன்னு அவனுக்கும் யாரு சொல்றது?" என்று கேட்டேன்.

"நீதான். வேற யாரு? வயித்தைத் தூக்கிக்கிட்டு நட, பிரசவம் சுளுவா ஆகும்."

"வேற யாராவது…"

"இங்க சீட்டாட வர்றவளுங்களா? போற வழியிலயே பாதிச் சேதியை வித்துருவாளுங்க."

ஆக நான்தான் தூது. டார்வின் ஆட்கள் வந்து அறையைக் கட்டிவிட்டார்கள், பந்தலும் போட்டாகிவிட்டது. ஆண்கள் கொப்பு வெட்டினார்கள், பெண்கள் தழை போட்டார்கள், ஊரே கூடி நின்று அது கோணல் என்று ஆளுக்கொரு பக்கம் சொன்னது. உன் இரண்டாவது மேசையை அம்மா பந்தலுக்கு எடுத்துக்கொண்டாள். இப்போதைக்கு அதில் சீட்டாட்டம் நடக்கிறது.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. பிள்ளைகளுக்காகத்தான் என்கிறாள்.

மேவிஸ்


ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
1976 ஆகஸ்ட் 5

கிளாரி,

நீ ஊருக்கு வந்து இறங்கும்போது நான் அங்கே இருக்கமாட்டேன். சிஸ்டர் என் காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. "இப்பவே விமானத்துல ஏறு" என்று சொல்லிவிட்டாள். மாற்றுத்துணிகூடச் சரியாக எடுக்கவில்லை. இப்போது ஆஸ்பத்திரி விடுதியில் வெள்ளை விரிப்பில் படுத்துக்கொண்டு கொட்டாவி விடுகிறேன். கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது, கவலைப்படாதே.

கவலை எல்லாம் அங்கேதான். நெவில் மாடு ஓட்டப் பண்ணைக்குப் போய்விட்டான். அடுத்த வாரம் அந்த டார்வின்காரர் வருகிறார். உனக்கும் அம்மாவுக்கும் நடுவில் யாருமே இல்லை. நினைத்தால் வயிற்றுக்குள் இருப்பதும் சேர்ந்து புரள்கிறது.

எப்படியாவது சமாளி. அம்மாவுக்குக் கோபம் வரும்படி எதுவும் செய்யாதே. உடனே எழுது.

மேவிஸ்


பர்ராவா
1976 ஆகஸ்ட் 20

என் மேவிஸ்,

கென்னவே வந்துவிட்டுப் போய்விட்டார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நடுவில் எழுந்து நடக்காதே.

முதல் நாள் காலை மணி அடித்தேன். அறையில் நானும் அவரும் காலி பெஞ்சுகளும். சுவருக்குப் பின்னாலிருந்து பிள்ளைகள் கூட்டமாகக் கத்துவது கேட்கிறது.

"குழந்தைங்க எங்கே?" என்று கேட்டார்.

"இன்னொரு டீச்சர்கிட்ட."

"கூப்பிடுங்களேன்."

"முடியாது சார்."

"டீச்சர் பேரென்ன?"

நான் கூரையைப் பார்த்தேன். அவர் குறிப்பில் ஏதோ எழுதினார். பிறகு தானே சுற்றிக்கொண்டு பந்தலுக்குப் போனார். அங்கே என்ன நடந்தது என்று பிள்ளைகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் ஆங்கிலத்தில் கேட்டாராம். உன் அம்மா ஆங்கிலமே தெரியாதது போல வார்ல்பிரியில் பதில் சொன்னாராம், கூடவே சுட்ட வேர்ப்புழு ஒன்றையும் கையில் வைத்தாராம். மனிதர் அதை வாயில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்தால் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று சொல்ல முடியவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது ஜூனி ஓடி வந்தாள். "மாமா, அங்க எண்ணறது முடிஞ்சுது. இனி உன்கிட்டயாம். என்ன நடத்தப்போற?" என்று கேட்டாள். கென்னவேயும் புரிந்துகொள்ளட்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற பாடம். அவள் சுற்றி ஓடினாள், சுவருக்குப் பின்னால் நம் பேச்சில் சொன்னாள், மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். இந்த முறை, கடையிலும் கிளினிக்கிலும் பொறுக்கிய ஆங்கிலத்தில் எனக்கே சொன்னாள்: "முதல்ல ஊத்துலருந்து ஆரம்பிக்கணுமாம். குழாய் அப்புறமாம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தூதுக்கு ஆள் தேடினோமே, அறை நிறைய உட்கார்ந்திருக்கிறார்களே!

அடுத்த நாளிலிருந்து "இன்னைக்கு நான், இன்னைக்கு நான்" என்று அடிதடி. பேசவே மாட்டான் என்று நாம் நினைத்த டென்னிஸ்கூட, முறை கிடைக்க வேண்டுமே என்று நான் சொன்ன ஆங்கிலத்தை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். கென்னவே பேனாவை மூடிவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

நிமிர்ந்த நெஞ்சுக்கு வியாழக்கிழமை வந்தது. காலையில் ஜூனி வந்து ஆங்கிலத்தில், ரொம்பப் பணிவாக, "அந்தப் பக்கத்து டீச்சர் சொல்றாங்க, குளிருக்கு, வயித்துல தேன் வெச்ச தேன் எறும்பு மண்ணுக்குள்ள சும்மா கெடக்குமாம், இன்னைக்குப் பாடத்தை முல்கா புதர்ல வெச்சுக்கலாமாம், நீ அறையில இருந்து கணக்குத் தயார் பண்ணணுமாம்" என்றாள். அவர் சொன்னால் மறுக்க முடியுமா? சரி என்றேன். நான் கணக்கு எழுதினேன், எழுதினேன், கரும்பலகை நிறைந்துவிட்டது. சுவருக்குப் பின்னாலும் சத்தம் இல்லை. மதியம் தாண்டி கென்னவே வந்தார். தாடி முழுக்கத் தேன். "குழந்தைங்க எல்லாரும் புதருக்குள்ள எறும்பு தோண்டறாங்க. எனக்கும் குடுத்தாங்க. ஆனா அங்க ரெண்டு டீச்சர்ல ஒருத்தரும் இல்லையே?" என்றார்.

உன் அம்மாவிடம் ஜூனி என்ன சொல்லியிருக்கிறாள் தெரியுமா? "உங்க மருமகன் அந்தப் பக்கத்துலருந்து சொல்லியனுப்பறாரு, அவரே கூட்டிக்கிட்டுப் போறாராம், நீங்க நிழல்ல காலை நீட்டி உக்காருங்களாம்" என்று. அவரும் பந்தலில் உட்கார்ந்து தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்திருக்கிறார்!

ஜூனியைப் பிடித்து நிறுத்தினோம். என்ன சொன்னாய் என்று கென்னவே கேட்டார். திருட்டுக்கழுதை, ஒரு வார்த்தை விடாமல் இரண்டையும் சொன்னாள். ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னதை ஆங்கிலத்தில். உன் அம்மாவிடம் சொன்னதை, மாமியாரிடம் மருமகனைப் பற்றிப் பேசும்போது எப்படித் தணிந்து பேச வேண்டுமோ அப்படி, வார்ல்பிரியில். அதைக் கென்னவேக்கு நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. என்னை ஏமாற்றிய பொய்யை என் வாயாலேயே சொன்னேன். காது மடல் எரிந்தது.

கென்னவே அதையும் எழுதிக்கொண்டார். குறிப்பை எடுத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார். தபால் விமானம் கிளம்புகிறது, மேவிஸ். மீதி அடுத்ததில்.

கிளாரி


ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
1976 ஆகஸ்ட் 27

அட பாவி,

மீதி அடுத்ததிலா? படித்துச் சிரித்துச் சிரித்து எனக்கு வலியே வந்துவிட்டது. சிஸ்டர்கள் ஓடி வந்து கையிலிருந்த கடிதத்தைப் பிடுங்கினார்கள். விடியும்போது பெண் பிறந்தாள். நல்ல எடை, நல்ல தொண்டை. அவள் அழுகிற அழுகையைக் கேட்டால் அம்மாவின் அதட்டல் மாதிரியே இருக்கிறது. உனக்குக் கஷ்டகாலம்தான்.

பள்ளிக்கூடம் கிடைத்ததா இல்லையா? முதல் வரியில் எழுது!

மேவிஸ்


பர்ராவா
1976 செப்டம்பர் 3

கிடைத்துவிட்டது!

முதல் வரியில் எழுதிவிட்டேன். இனி மூச்சு விடுகிறேன். மகளே, மகளே என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அதை அப்புறம் தனியாக எழுதுவேன்.

கிளம்புகிற அன்று காலை கென்னவே என்னிடம் வந்தார். "நான் வந்தது இந்தக் குழந்தைங்களுக்கு ரெண்டு பாஷையும் வருமான்னு பாக்க. ரெண்டுலயும் ஆளுக்குத் தக்கபடி பொய் சொல்லத் தெரிஞ்ச புள்ளைக்கு நான் இனி என்ன பரீட்சை வெக்கறது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நான் வரைந்த பழைய படத்தை அடித்துவிட்டு, உன் அம்மா மணலில் போட்ட திட்டத்தை அப்படியே வரைந்துகொண்டார். அறை, பின்னால் பந்தல், நடுவில் ஓடுகிற பிள்ளைகள். டார்வினில் இதற்கு ஏதோ பெரிய பெயர் வைப்பார்களாம். உன் அம்மாவின் கோபம்தான் அது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

அவர் போன பிறகு பந்தலிலிருந்து சேதி வந்தது. பிள்ளைகள் சுற்றி ஓடிக் கால் வலிக்கிறதாம். பின்சுவரில் ஒரு வாசல் வெட்டி அதில் கம்பளத்தைத் தொங்கவிட வேண்டுமாம். அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாராம். மறுநாளே வெட்டிவிட்டேன். இப்போது கம்பளத்துக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கூட்டாக வார்ல்பிரி படிக்கிற சத்தம் வருகிறது. நான் கேட்பதில்லை, பார்ப்பதில்லை. காதில் விழுகிறது, என்ன செய்ய?

இன்னொன்று எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். வாசல் வெட்டிய அன்று ஜூனி கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சொன்னாள்: "மாமா, அவங்க சொன்னாங்க, என் பொண்ணுக்கு நல்ல புருஷன்தான் கெடைச்சிருக்கான்னு."

பாதிக் கணக்கோடு சாக்பீஸை வைத்துவிட்டேன், மேவிஸ். இத்தனை வருஷத்தில் அவரிடமிருந்து எனக்கென்று வந்த முதல் வார்த்தை அது. ஆனால் சொன்னது ஜூனி! அந்தக் கழுதையை எப்படி நம்புவது? நான் போய்க் கேட்கவும் முடியாது. நீயும் கேட்காதே. பொய் என்று தெரிவதைவிட இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

உன்
கிளாரி


ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
1976 செப்டம்பர் 12

என் கிளாரிக்கு,

கேட்டுவிட்டேன். கேட்காதே என்றால் கேட்காமல் இருக்க நான் என்ன கல்லா?

பேத்தியைப் பார்க்க அம்மா லாரியில் வந்தாள். இறங்கியதும் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள், இன்னும் தரவில்லை. பால் கொடுக்க மட்டும் என் பக்கம் நீட்டுகிறாள். குழந்தை தூங்கியதும் மெதுவாகக் கேட்டேன்: "ஜூனிகிட்ட அவரப் பத்தி ஏதோ சொன்னியாமே?"

"நானா? நான் ஒண்ணும் சொல்லல."

"நல்ல புருஷன்னு…"

"அந்த ஒத்தை வாசலையா? வாயைத் தொறக்கவே இல்ல. பொய், சுத்தப் பொய். இந்த ஜூனிக்கு நாக்கு நீளம்."

எனக்கு மனசு சுருங்கிவிட்டது. உனக்கு எப்படி எழுதுவது என்று நினைத்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன். அம்மா குழந்தையின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு தானாகவே சொன்னாள்:

"ஆனா அவன்கிட்ட போய் பொய்யின்னு சொல்லித் தொலைக்காத. புள்ளை நல்லாத்தான் சொல்லியிருக்கா. அப்பிடியே இருக்கட்டும்."

கிளாரி, அம்மாவின் இந்தக் கடைசி வார்த்தையை மட்டும் உனக்கு, இடையில் யாரும் இல்லாமல், நான் நேராகச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை விமானத்தில் நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். வாசலில் வந்து நில். எந்த வாசல் என்று இந்த முறையாவது யோசித்து நில்.

உன்
மேவிஸ்